மூன்று கண்ணாடிகளும் பச்சை கிரீஸும்

பழைய மடக்குக் கேமரா ஒன்று கைக்கு வந்தால் எடுத்த எடுப்பில் துணியைத் தேட வேண்டாம். முதலில் ஒரு டார்ச்சை எடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மூடாத நிலை) வைத்துத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுக்க அகலமாக்கி, பின்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த லென்ஸ் அப்போதுதான் தன் உண்மையான நிலைமையைக் காட்டும். தூசி புள்ளிகளாக மின்னும். கீறல் கோடாகத் தெரியும். பூசணம் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நோக்கிக் கிளைவிட்டு வளர்ந்திருக்கும். இவை எதிலும் சேராமல், கண்ணாடி முழுக்கப் பால் தடவியதுபோல ஒரு மங்கல் இருந்தால் அதுதான் படத்தைக் கெடுக்கும் ஆசாமி.

என் கையில் இருப்பது அக்ஃபா இசோலெட் 2. ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருந்த அக்ஃபா கேமரா ஆலையில் 1950களில் செய்தது. 120 என்ற ரக ஃபிலிம் ரோல் போட்டால் ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் 12 படம். லென்ஸ் 85 மில்லிமீட்டர் அபோட்டார், அப்பர்ச்சர் எஃப் 4.5 வரை அகலமாகத் திறக்கும். ஷட்டர் பிரான்டர்-எஸ், கருங்காட்டுப் பகுதியில் கால்ம்பாக் என்ற ஊரில் கௌதியர் கம்பெனி செய்தது. அம்மாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, பினாங்கில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கே வாங்கி, ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த கேமரா இது. அவர் காலத்துக்குப் பிறகு தோல் உறைக்குள்ளேயே, மர பீரோவின் மேல்தட்டில், கும்பகோணத்து ஐப்பசி அடைமழைகள் அத்தனையையும் பார்த்துவிட்டது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஒளியியல் பாடம் வரும்போது பிள்ளைகளிடம் கேட்கும் பழைய கேள்வி ஒன்று உண்டு: குவிலென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் பாதிதான் விழுமா? பாதி வகுப்பு ஆமாம் என்று சொல்லும். ஆய்வகத்தில் மெழுகுவர்த்தி வைத்துக் காட்டினால் முழுச் சுடரும் திரையில் விழுந்திருக்கும், வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸின் எல்லா இடத்தின் வழியாகவும் போய்த்தான் பிம்பத்தில் சேர்கிறது. பழைய லென்ஸை வாங்கலாமா, திறக்கலாமா, எங்கே நிறுத்தலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் படத்தில் கோடு விழாது. ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் மங்கல் அப்படி இல்லை. அது கண்ணாடி முழுக்கப் பரவி, உள்ளே வரும் ஒளியைச் சிதறடித்து, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சாம்பலைக் கொட்டிவிடும். வானம் கொஞ்சம் சட்டத்துக்குள் வந்தாலே போதும், படம் மொத்தமும் வெளுத்துப்போகும். ஆகையால் கீறலுக்காக லென்ஸைத் திறக்காதீர்கள். மங்கலுக்கும் பூசணத்துக்கும் கட்டாயம் திறங்கள். என்னைக் கேட்டால், வீட்டு மேசையில் பொறுமையாகச் செய்யக்கூடிய வேலைதான் இது.

தைரியமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அபோட்டார் மூன்றே கண்ணாடி கொண்ட லென்ஸ். இந்த அமைப்பின் மூலம் இங்கிலாந்தில் யார்க் நகரில் தொலைநோக்கிகள் செய்துகொண்டிருந்த குக் கம்பெனி. அங்கே வேலை பார்த்த டென்னிஸ் டெய்லர் 1893-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பக்கமும் குவிகண்ணாடி, நடுவில் குழிகண்ணாடி ஒன்று, இடையில் காற்று. அவ்வளவுதான். ஒரு கண்ணாடி செய்யும் பிழையை அடுத்தது எதிர்த்திசையில் செய்து சரிக்கட்டும். ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடி இதில் கிடையாது என்பது நமக்குப் பெரிய நிம்மதி. இதே இசோலெட்டில் விலை கூடுதலான சொலினார் லென்ஸ் போட்டு வந்ததும் உண்டு. அதில் நான்கு கண்ணாடி, பின்னால் உள்ள இரண்டும் பசையால் ஒட்டியவை. அந்த ஜோடியில் கரைப்பானும் சூடும் படக் கூடாது. பசை விட்டுவிட்டால் வீட்டில் ஒட்ட முடியாது. உங்களுடையது எந்த லென்ஸ் என்று முன்வளையத்தில் படித்துத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

டெய்லரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1890களில், காலப்போக்கில் மேற்பரப்பு கறுத்துப் போன லென்ஸ்கள் புது லென்ஸைவிடக் கூடுதலாக ஒளியை உள்ளே விடுகின்றன என்று அவர் கவனித்தார். அழுக்கு என்று எல்லோரும் நினைத்ததை அவர் அளந்து பார்த்தார். கண்ணாடி மேல் மெல்லிய படலம் இருந்தால் பிரதிபலிப்பு குறைகிறது. 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்ததற்கும் அடிப்படைத் தத்துவம் அதுதான். என் அபோட்டாரை விளக்குக்குக் கீழே சாய்த்தால் தெரியும் நீலப் பூச்சு அந்த வழியில் வந்தது. ஒற்றைப் படலம், மெல்லியது, இன்றைய பூச்சுகளைப்போலக் கெட்டியானது இல்லை. துடைக்கும் கை இதை ஒரு நிமிஷமும் மறக்கக் கூடாது.

சரி, கருவிகள். கடிகாரக்காரர் வைத்திருக்கும் சின்னத் திருப்புளிகள், காற்று ஊதும் ரப்பர் பந்து, மெல்லிய கையுறை, நல்ல பஞ்சு, லென்ஸ் துடைக்கும் தாள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஆறு சதவீதம் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரோபைல் ஆல்கஹால். காய்ச்சி வடித்த தண்ணீர். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் கொஞ்சம். அப்புறம் இரண்டு பொருள், இவை இல்லாமல் நான் இந்த வேலையில் இறங்கியே இருக்க மாட்டேன்: பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டை ஒன்று, வேதியியல் ஆய்வகத்து ரப்பர் கார்க்குகள் சில. பட்டை வழுக்கும் வளையத்தைப் பிடிக்க. கார்க் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் வளையத்தை அழுத்தித் திருக. இரும்புக் குறடு கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்பது என் கட்சி.

மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, நான்கு ஓரத்தையும் கொஞ்சம் மேலே மடித்து வைத்தேன். இந்த ஸ்க்ரூக்கள் கடுகு அளவு. தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டேன்.

இசோலெட் வைத்திருக்கும் யாரும் முதலில் சந்திப்பது இறுகிப்போன ஃபோகஸ் வளையத்தைத்தான். இந்தக் கேமராவில் லென்ஸ் முழுவதும் முன்னும் பின்னும் நகராது. முன் கண்ணாடி மட்டும் தன் மரையில் சுற்றும். அதற்கும் நடுக் கண்ணாடிக்கும் இடையில் உள்ள காற்று இடைவெளி கூடும், குறையும். அதில்தான் ஃபோகஸ் நடக்கிறது. அந்த மரையில் தடவிய கிரீஸ் எழுபது வருஷத்தில் காய்ந்து பச்சையாகிப் பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி இதைத் திருகப் போகிறாள் என்று கிரீஸ் தடவியவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. இந்த நிலையில் வளையத்தைப் பலமாகத் திருகினால் ஒன்று நடக்கும், அதைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். முன் கண்ணாடியின் மரை அசையாது. அதற்குப் பதில் நடுக் கண்ணாடியின் கூடு ஷட்டரிலிருந்து கழன்று, இரண்டும் சேர்ந்து சுற்றும். வளையம் திரும்புகிறதே, ஃபோகஸ் சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் கண்ணாடிகள் தம் இடத்தைவிட்டு விலகியிருக்கும், எந்தத் தூரத்திலும் எண் பொருந்தாது. ‘ஃபோகஸ் நன்றாகச் சுற்றுகிறது’ என்று சொல்லி விற்கும் பழைய இசோலெட்டை வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். வளையம் சுற்றும்போது முன் கண்ணாடி மட்டும் திரும்புகிறதா, அதன் பின்னால் உள்ள பித்தளைக் கூடும் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள்.

வளையத்தின் விளிம்பைச் சுற்றி மூன்று சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றை முழுக்க எடுக்கத் தேவையில்லை, சில சுற்றுத் தளர்த்தினால் போதும். வளையம் தனியாக மேலே வந்துவிடும். இது தூர எண்கள் எழுதிய வெறும் முகமூடிதான். கண்ணாடி இதற்குள்ளே பித்தளைக் கூட்டில் இருக்கிறது. வளையத்தை எடுத்ததும் கூட்டை மெதுவாக இடப்பக்கம் திருகினேன். எதிர்பார்த்தபடி முன்கூடும் நடுக்கூடும் ஒரே கட்டியாகக் கழன்று கையில் வந்தன. வெளியே வந்ததும் இரண்டு கூட்டின் ஓரத்திலும் ஒரே நேர்க்கோட்டில் ஊசியால் ஒரு சின்னக் கீறு போட்டுக்கொண்டேன்.

அந்தக் கட்டியைப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகப் பொறுமை கேட்பது. லைட்டர் பெட்ரோலைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, அடுப்பங்கரைக்கு எட்டாத தூரத்தில் மொட்டைமாடி அறையில் இரவெல்லாம் ஊறவிட்டேன். ஒட்டுப்பசை இல்லாத லென்ஸ் என்பதால்தான் இப்படி முழுக்க ஊறவிட முடிந்தது. அசிட்டோனில் ஊற வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடியின் விளிம்பில் கறுப்பு பெயின்ட் பூசியிருப்பார்கள். உள்ளே ஒளி பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பெயின்ட் அது. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். காலையில் எடுத்து, பெட்ரோல் சுத்தமாக ஆவியாகிப் போன பிறகு — இதில் அவசரமே கூடாது — ஹேர் டிரையரால் பித்தளையைச் சூடாக்கினேன். கை தாங்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இரண்டு கூட்டையும் சைக்கிள் டியூப் பட்டையால் சுற்றிப் பிடித்து, விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தேன். அசையவில்லை. மறுபடி ஊறல், மறுபடி சூடு. பிறகு ஒரு நேரத்தில் மெல்லிய கிறீச் சத்தத்தோடு மயிரிழை அளவு நகர்ந்தது. நகர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முழுக்கப் பிரியும் அந்தக் கடைசிக் கணத்தில் கவனம் வேண்டும்: மரை எந்த இடத்தில் விட்டுப் பிரிகிறதோ அந்த இடத்தில் இரண்டு கூட்டிலும் இன்னொரு குறி போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது மரை பிடிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். வேறு இடத்தில் பிடித்தால் முன் கண்ணாடி வேறு உயரத்தில் போய் உட்காரும்.

மரையில் ஒட்டியிருந்த பச்சைப் பசையைப் பல்குத்தும் குச்சியாலும் பெட்ரோல் தொட்ட பஞ்சாலும் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டி எடுத்தேன். பித்தளை பளிச்சென்று தெரியும்வரை விடக் கூடாது. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புதுக் கிரீஸோடு சேர்ந்து மறுபடி இறுகும்.

பின் கண்ணாடி சுலபம். லென்ஸுக்கும் கேமரா உடலுக்கும் நடுவில் துருத்திபோல் மடிந்து விரியும் பெல்லோஸ் வழியாகக் கையை விட்டு, பொருத்தமான அளவு ரப்பர் கார்க்கைக் கூட்டின் விளிம்பில் அழுத்தி இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். கார்க்கின் நடுவில் துளை இருப்பது நல்லது, கண்ணாடியைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடிக்கும்.

மூன்றும் வெளியே வந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மங்கல் எங்கே இருந்தது தெரியுமா? வெளிப்பக்கம் நோக்கிய இரண்டு பரப்பும் கிட்டத்தட்டச் சுத்தம். ஷட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பரப்புகளில், நடுக் கண்ணாடியின் பின்புறத்திலும் பின் கண்ணாடியின் முன்புறத்திலும், எண்ணெய்ப் படலம் அப்பியிருந்தது. பழைய கிரீஸிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் ஆவியாகி வருவது வெளியேற வழியில்லாமல் அங்கேதான் படியும். வெளியிலிருந்து எத்தனை முறை துடைத்தாலும் போகாத மங்கலின் ரகசியம் இது. நான் கூட்டிலிருந்து கண்ணாடியைத் தனியாக எடுக்கவில்லை. ஒவ்வொன்றின் இரண்டு பரப்பும் கூட்டில் இருக்கும்போதே கைக்கு எட்டுகிறது. கண்ணாடியை வெளியே எடுத்தால் திரும்ப வைக்கும்போது மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கும். இந்த மூன்று கண்ணாடி அமைப்பு அந்த விஷயத்தில் கறார்.

துடைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் பந்தால் காற்று. பிறகு மெல்லிய தூரிகை. தூசி இருக்கும்போதே துடைத்தால் மணல் வைத்துத் தேய்த்த கதை. அதன் பிறகுதான் ஈரம். லென்ஸ் தாளைக் குச்சிபோல் சுருட்டி, நுனியில் ஐபிஏ ஒரு சொட்டு, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஒரே வீச்சு. விளிம்பை அடைந்ததும் அந்தத் தாள் குப்பைக்கு. அடுத்த வீச்சுக்குப் புதுத் தாள். அழுத்தம் என்பதே கிடையாது, தாளின் எடை மட்டும். எண்ணெய்ப் படலம் இதிலேயே போய்விட்டது. விளக்குக்கு எதிரே பிடித்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, நெஞ்சு நிறைந்தது.

பூசணத்துக்கு இது போதாது. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்தில் வேர்விட்டிருந்த இடத்தில் பஞ்சில் பெராக்ஸைடு நனைத்து, தேய்க்காமல், ஒத்தி வைத்து, சில நிமிஷம் அப்படியே விட்டேன். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒத்தி எடுத்து, கடைசியில் ஐபிஏ. வேர்கள் போய்விட்டன, இரண்டு இடத்தில் அவை இருந்த தடம் மட்டும் மங்கலாக நின்றது. பூசணம் தான் வளரும்போது வெளியேற்றும் அமிலம் பூச்சையும் சில சமயம் கண்ணாடியையுமே அரித்துவிடும். அந்தத் தடத்தை எந்தத் திரவமும் போக்காது. இங்கேதான் கை நிற்க வேண்டும். பற்பசை, கார் பாலிஷ் என்று போட்டுத் தேய்த்து அந்தத் தடத்தை எடுக்கச் சொல்லும் யோசனைகள் உலாவுகின்றன. எங்கள் ஊரில் வெள்ளிப் பாத்திரத்துக்கு விபூதி போட்டுத் துலக்குவோம், அது வெள்ளிக்குச் சரி. லென்ஸின் வளைவு ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாகத் தேய்க்கப்பட்டது. கையால் பாலிஷ் போடும் யாரும் அந்த வளைவைக் காப்பாற்ற முடியாது. தடம் இருக்கட்டும். பாதி மூடிய லென்ஸே முழுப் பிம்பம் தரும்போது, ஓரத்தில் இருக்கும் ஒரு தடம் என்ன செய்துவிடும்?

மரைக்குப் புதுக் கிரீஸ் வேண்டும். இதைக் கேட்டுத்தான் பெரிய கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான வாட்ச் கடைக்குப் போனேன். ‘வாசலைன் போடலாமாண்ணே?’ என்று கேட்டதற்கு அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு, ‘சித்திரை வெயில்ல உருகி ஷட்டர் தகட்டுல இறங்கிடும் டீச்சர். அப்புறம் தகடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்’ என்றார். பிறகு ஒரு சின்னக் குப்பியிலிருந்து சூட்டில் இளகாத கிரீஸைத் தீக்குச்சி நுனியில் எடுத்துத் தாளில் வைத்து மடித்துக் கொடுத்தார். அந்தத் துளியே அதிகம். மரையில் பளபளப்பாகத் தெரிந்தால் போதும், பிதுங்கக் கூடாது. காசு வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பப் பூட்டுவது கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். பின் கண்ணாடி, நடுக் கண்ணாடி இரண்டையும் கடைசிவரை இறுக்க வேண்டும். அவை அசையாமல் நிற்க வேண்டியவை. முன் கண்ணாடியைக் குறி பார்த்து மரையில் விட்டு, ஏறக்குறைய பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். வளையத்தை இன்னும் பூட்டவில்லை. ஏனென்றால் இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூரத்துப் பொருள் கூர்மையாக விழும் நிலை, எது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதைப் பூட்ட வேண்டும். ஊசிக் குறிகள் உதவும். ஆனால் குறியை மட்டும் நம்பக் கூடாது, யாராவது முன்பே திறந்து தப்பாகப் பூட்டியிருக்கலாம்.

இந்தப் படிதான் எனக்கு மொத்த வேலையிலும் பிடித்தது. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் பிம்பம் கூர்மையாக விழுகிறதா என்று நேரிலேயே பார்க்கலாம். படம் மாட்டித் தரும் கடையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வெட்டி வாங்கி, அதன் ஒரு பக்கத்தில் பட்டர் பேப்பரைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். பேப்பர் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, கேமராவின் பின்னால் ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் அதை வைக்க வேண்டும். கவனியுங்கள், உள்ளே இரண்டு ஜோடித் தண்டவாளம் உண்டு. ஃபிலிம் படிவது உள் ஜோடியின் மேல். வெளி ஜோடி, ஃபிலிமை அழுத்தும் தகடு உட்காருவதற்கு. கண்ணாடித் துண்டு வெளி ஜோடியில் உட்கார்ந்துவிட்டால் கணக்கு எல்லாமே தவறும். ஆகவே துண்டின் அகலம் உள் ஜோடியில் படிகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

சாயங்கால வெளிச்சத்தில் மொட்டைமாடியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அப்பர்ச்சர் 4.5, ஷட்டர் ‘பி’, பூட்டு வைத்த கேபிள் ரிலீஸால் திறந்தே இருக்கும்படி செய்தேன். எங்கள் மாடியிலிருந்து சாரங்கபாணி கோயிலின் ராஜகோபுரம் தெரியும். பதினோரு நிலை, உச்சியில் வானத்துக்கு எதிரே கலசங்களின் கூர்முனைகள். ஃபோகஸ் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. 85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் தூரம் இன்ஃபினிட்டிதான். தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பட்டர் பேப்பர் மேல் வைத்தால், கோபுரம் தலைகீழாக, வண்ணத்தோடு, விரல்நகம் அளவில் நிற்கிறது. முன் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கலசம் தடித்தது, மெலிந்தது, மறுபடி தடித்தது. மெலிந்து ஊசிபோல் நின்ற அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் போய்ப் போய்த் திரும்பி வந்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் கண்ணாடியை அசைக்காமல், வளையத்தை அதன் இன்ஃபினிட்டிக் குறி நிறுத்தத்தில் நிற்கும்படி மேலே வைத்து, மூன்று ஸ்க்ரூவையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்கினேன். பிறகு மறுபடி ஒருமுறை கலசம். அப்புறம், கேமராவிலிருந்து நாடாவால் பத்து அடி அளந்து அங்கே ஒரு செய்தித்தாளைத் தொங்கவிட்டு, வளையத்தைப் பத்தில் வைத்துப் பார்த்தேன். தலைப்பு எழுத்துகள் கறுப்பாக, ஓரம் தெளிவாக நின்றன.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் மாடிக்கு வந்து துணிக்குள் தலையை விட்டான். ‘பெரியம்மா, இதுல பேட்டரி எங்க இருக்கு?’ என்றான். பேட்டரி இல்லை என்றதும் மறுபடி உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பெல்லோஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் பெல்லோஸ் மூலைகளில் ஊசித் துளை இருந்தால் படத்தில் வெளிச்சம் கசியும். இருட்டில் உள்ளே எல்இடி விளக்கை வைத்து மடிப்பின் மூலைகளைச் சுற்றிப் பாருங்கள். என்னுடையதில் சில மூலைகளில் நட்சத்திரம் தெரிந்தது. துணிக்குப் பூசும் கறுப்பு பெயின்டைத் தொட்டுத்தொட்டு வைத்து, நன்றாகக் காயவிட்டு அடைத்தேன். நிரந்தரத் தீர்வு புது பெல்லோஸ்தான்.

முதல் ரோல் இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். விடிகாலையில் மகாமகக் குளக்கரையில் எடுத்தேன். சுற்றி இருக்கும் பதினாறு மண்டபங்களில் கிழக்கு வெயில் தூண்களின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிற நேரம். அப்பர்ச்சரை எஃப் 11-க்கு மூடி, இந்த லென்ஸை நாற்பத்து மூன்று அடியில் ஃபோகஸ் வைத்தால், அதில் பாதித் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய வரை எல்லாம் தெளிவாக விழும். நெகட்டிவ் வந்ததும் விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் முதலில் பார்த்தது மண்டபத்தின் உள்நிழலை. நெகட்டிவ்வில் நிழல் வெறும் ஃபிலிமாகத் தெளிந்து நிற்க வேண்டும், மூட்டமில்லாமல் அப்படியே இருந்தது. அந்தத் தெளிவுக்குள் தூணின் செதுக்கல் தனியாகத் தெரிந்தது. திறந்த அப்பர்ச்சரில் எடுத்த ஒரு படத்தில் மூலைகள் கொஞ்சம் இளகியிருந்தன. இந்த அமைப்பு லென்ஸின் இயல்பே அதுதான், அப்பர்ச்சரை எஃப் 8 வரைக்கும் மூடினால் சரியாகிவிடும். எதிர்வெயிலில் எடுத்ததில் மட்டும் லேசான வெளுப்பு. ஒற்றைப் பூச்சிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை, முன்னால் ஒரு சின்ன மறைப்பு வைத்தால் தீரும்.

இனி இதைத் தோல் உறையில் போடப் போவதில்லை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. உறையைத் தனியாக வெயிலில் காயவைத்து நினைவுக்காக வைத்திருக்கிறேன். கேமரா இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு. மணிகள் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போட்டுவிடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, திறந்து, ஷட்டரைச் சில முறை அடித்து, கொஞ்சம் வெளிச்சம் பட வைக்கிறேன். ஈரமும் இருட்டும் அசையாத காற்றும்தான் பூசணத்துக்கு வேண்டியவை.

ஒரு வேலை பாக்கி. வேகமான எண்களில் ஷட்டர் ஒழுங்காக இருக்கிறது. ஒரு நொடி, அரை நொடி என்று வரும்போது இழுக்கிறது, சில சமயம் பாதியில் நின்றே விடுகிறது. தாமதத்தைக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி ஒன்று ஷட்டருக்குள் இருக்கிறது, அதில் எண்ணெய் காய்ந்திருக்கும். அதைக் கண்ணாடி துடைக்கும் கை தொடக் கூடாது. வாட்ச் கடை அண்ணனிடம் காட்டினேன். காதருகே வைத்து ஒரு நொடியைக் கேட்டுவிட்டு, ‘நம்ம டைம்பீஸ் சத்தம்தான் டீச்சர் இது. தை பொறக்கட்டும், கல்யாண சீசன் வாட்செல்லாம் முடிச்சுட்டு உக்கார்றேன்’ என்றார். அதுவரை நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கைவிட மெதுவான எண்ணுக்குப் போகாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.